பொதுச் சேமிப்பகமும் பலவகைக் கணினிகளும்: பனியன் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கோயமுத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரத்துக்குச் செல்லும் சாலையும் சந்திக்கின்ற இடத்தில் அமைந்த அவிநாசிபாளையம், அவிநாசியில் தொடங்கித் திருப்பூர் நகரை ஊடுருவி வருகின்ற நெடுஞ்சாலைக்கு முடிவிடமாகவும் இருப்பதால், பனியன் தொழில் நகர எல்லையை விட்டு வெளியே பரவத் தலைப்பட்ட காலத்தில் அதன் கிளைகள் வந்து தங்குவதற்கு இயல்பாகவே ஏற்ற ஊராயிற்று. இவ்வட்டாரத்துக் கம்பெனி ஒன்றின் அலுவலக அறைக்குள் நுழைந்து பார்ப்பவர், முற்காலத்தில் பேரேடும் டெலிவரி சலான் புத்தகமும் அடுக்கப்பட்டிருந்த அலமாரியின் மேல், பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்ற சிறிய பெட்டி ஒன்று வீற்றிருப்பதைக் காண்பார். ஊழியர்கள் அதனைச் 'சர்வர்' என்பார்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுச் சேமிப்பகமான அதனை விற்பவர் 'நாஸ்' என்பார். ஆர்டர் ஷீட், மெஷர்மெண்ட் சார்ட், பேக்கிங் லிஸ்ட், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் ஆகிய சகல விஷயங்களும் அதனுள்ளேதான் இருக்கின்றன. நாளில் ஒரு முறையாவது, "அந்த எக்ஸெல்லை யாருங்க ஓப்பன் பண்ணி வெச்சிருக்கறது? ரீட் ஒன்லினு வருதுங்க" என்ற கேள்வி மேஜைக்கு மேஜை தாவுவதும் உண்டு.

இக்கேள்வி எழுகிற அலுவலகம் ஒரு வகையில் பாக்கியம் செய்தது. கேள்வி எழ வேண்டிய இடத்தில் எழாமல், இருவர் ஒரே கோப்பைத் திறந்து, இருவரும் திருத்தி, பின்னால் சேமித்தவருடைய எழுத்து முன்னால் சேமித்தவருடைய எழுத்தை ஓசையின்றி விழுங்கிவிடுகிற அலுவலகங்களே பரிதாபத்துக்குரியவை. வெவ்வேறு இயக்கமுறைமைகளைக் கொண்ட கணினிகள் ஒரே சேமிப்பகத்திலுள்ள ஆவணத்தைத் திருத்த முற்படும்பொழுது இவ்விபரீதம் ஏன் நேர்கிறது, அதற்குச் சென்ற நாற்பது ஆண்டுகளில் என்னென்ன பரிகாரங்கள் தேடப்பட்டன, அவற்றுள் எவை நம்முடைய தொழிலுக்கும் நம்முடைய மொழிக்கும் பொருந்துவன என்பவற்றை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஒரே அலுவலகத்தில் மூன்று வகைக் கணினிகள் எதற்காக என்று சிலர் கேட்கலாம். கணக்குப் பிரிவு விண்டோஸை விட்டு அகலாது. டேலி அதில்தான் இயங்குகிறது. வெளிநாட்டுப் பையருக்குப் பிரிண்ட் மாதிரிகளை அனுப்புகிற டிசைன் பிரிவில், நிறத்தின் துல்லியத்தை முன்னிட்டு, ஆப்பிள் கணினி ஒன்றேனும் இருப்பது வழக்கம். குடோனிலும் செக்கிங் பகுதியிலும் வெறும் எண்ணிக்கையைப் பதிவதற்கு வைக்கப்பட்ட பழைய கணினிகளில், உரிமக் கட்டணம் இல்லாமையாலும் பழைய யந்திரத்திலும் சோர்வின்றி ஓடுவதாலும், லினக்ஸ் நுழைகிறது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தமையால், இன்று வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு அது முற்றிலும் அந்நியமன்று. இவை எவையும் இல்லாமல், 'எங்கள் கம்பெனியில் எல்லாம் விண்டோஸே' என்று ஒரு முதலாளி சொல்வாராயினும், அலமாரிமேல் வீற்றிருக்கும் நாஸ் பெட்டியை அவர் மறந்துவிடுகிறார். சினாலஜி, க்யூநாப் முதலிய பெயர்களில் கடைகளில் விற்கப்படும் அப்பெட்டிகளுள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸே. ஆகவே பல இயக்கமுறைமைகளின் கூட்டு வாழ்க்கை என்பது நாம் விரும்பி ஏற்றதாயினும் ஏற்காததாயினும், நாஸ் வாங்கிய அன்றே தொடங்கிவிட்டது.

இந்தப் பன்மையின் வரலாறு பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் 1980-களின் முற்பகுதியில் வகுத்த எஸ்.எம்.பி. என்னும் கோப்புப் பகிர்வு நெறிமுறை, பின்னர் மைக்ரோசாஃப்டின் கைக்கு வந்து விண்டோஸ் உலகத்தின் சொத்தாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1984-ஆம் ஆண்டில், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் யூனிக்ஸ் கணினிகளுக்கென என்.எஃப்.எஸ். என்பதைச் செய்தது. ஆப்பிள் தனக்கென ஏ.எஃப்.பி. என்ற மூன்றாவது வழியைக் கண்டது. இம்மூன்றும் வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்த குழந்தைகளாதலால், கோப்பைத் திறத்தல், பூட்டுதல், பெயரிடுதல் என்னும் சாமானியமான காரியங்களில்கூட ஒன்றன் சம்பிரதாயம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991-92-ஆம் ஆண்டுகளில், விண்டோஸ் வகைக் கணினிகளின் பாஷையை யூனிக்ஸ் கணினி பேசுமாறு செய்த நிரலே 'சாம்பா'வாக வளர்ந்தது. இன்று நம்மூர் நாஸ் பெட்டிகளுள் உட்கார்ந்து விண்டோஸுக்குப் பதிலளிப்பது பெரும்பாலும் அதுவே. ஆப்பிளும் 2013-இல் தன் சொந்த வழியைப் பின்னுக்குத் தள்ளி எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பையே முதன்மையாக ஏற்றுக்கொண்டது. இவ்வாறு சரித்திரம் ஒருமைப்பாட்டை நோக்கி நகர்ந்திருக்கிறதேயாயினும், பழைய வழிகள் அடைக்கப்படவில்லை. பல நாஸ் பெட்டிகளின் அமைப்புப் பக்கத்தில் மூன்றும் இன்றளவும் அருகருகே நின்று 'என்னைத் தேர்ந்தெடு' என்று அழைக்கின்றன. பெட்டியை நிறுவ வருகிற டெக்னீஷியன், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றையும் திறந்துவைத்துவிட்டுப் போவார். நாம் ஆராய்கிற விபரீதத்தின் மூலாதாரமான பிழை இதுவென்பதே என் அபிப்பிராயம்.

ஏனென்று பார்ப்போம். விண்டோஸ் கணினி ஒரு கோப்பைத் திறக்கும்பொழுது, தனக்கு என்ன வேண்டும் என்பதோடு, பிறர் என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சர்வரிடம் அறிவிக்கிறது. 'நான் எழுதப்போகிறேன், வேறொருவர் எழுத அனுமதியாதே' என்ற அவ்வறிவிப்பைச் சாம்பா தனது குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, அடுத்து வருகிற விண்டோஸ் கணினிக்கு வாசிக்க மட்டும் இடம் தருகிறது. லினக்ஸ் உலகின் மரபோ வேறு. அங்கே பூட்டு என்பது பெரும்பாலும் யோசனை வகையைச் சேர்ந்தது; கேட்கிற நிரலுக்கு 'பூட்டியிருக்கிறது' என்று பதில் கிடைக்கும்; கேட்காத நிரல் தாராளமாக உள்ளே போய் எழுதலாம். கட்டாயப் பூட்டு என்ற ஏற்பாடு லினக்ஸில் ஒரு காலத்தில் இருந்ததாயினும், ஆளில்லாமல் கிடந்து, 2021-இல் வெளிவந்த 5.15-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. ஆகவே ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருந்து, ஒரு வாசலில் மட்டும் காவற்காரன் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருப்பானாயின், அவன் எழுதிய ஏடு மற்றொரு வாசலால் புகுந்தவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எஸ்.எம்.பி. வழியாக வந்த கணக்குப் பிரிவும், என்.எஃப்.எஸ். வழியாக வந்த குடோன் கணினியும் ஒரே ஆர்டர் ஷீட்டில் ஒரே சமயத்தில் கைவைப்பது இங்ஙனமே சாத்தியமாகிறது.

இதனை அருகிலிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். விண்டோஸில் வேர்டோ எக்ஸெல்லோ ஒரு கோப்பைத் திறந்தவுடன், அதே ஃபோல்டரில், அலைக்குறியும் டாலர் குறியும் முன்னே நிற்கிற பெயரோடு, கண்ணுக்குப் புலப்படாத சிறு கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதில் திறந்தவருடைய பெயரைக் குறித்துவைக்கிறது. லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் திறந்தால், அதுவும் புள்ளியும் அலைக்குறியும் 'லாக்' என்ற சொல்லும் முன்னிற்கிற தனது சொந்தப் பூட்டுக் கோப்பை உண்டாக்கி, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் நேரத்தையும் எழுதிவைக்கிறது. இரண்டும் மரியாதைக்குரிய ஏற்பாடுகளே. ஆனால் லிப்ரே ஆபீஸ் எழுதிவைத்த சீட்டை எக்ஸெல் படிப்பதில்லை. பிறகு எக்ஸெல் சேமிக்கும் விதம் ஒன்று உண்டு: பழைய கோப்பின்மேல் நேராக எழுதாமல், புதிய தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதி முடித்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டி, பழையதை அப்புறப்படுத்திவிடும். மின்சாரம் நடுவே நின்றாலும் அரைகுறைக் கோப்பு மிஞ்சாதிருப்பதற்கான நல்ல உபாயம் இது. ஆனால் குடோன் கணினி கையில் பிடித்துக்கொண்டிருந்ததோ பழைய கோப்பு. அங்கிருப்பவர் சேமிக்க முயலும்பொழுது, 'இக்கோப்பைப் பிறர் மாற்றியிருக்கின்றனர், சேமித்தால் அம்மாற்றங்கள் அழியும், சேமிக்கலாமா?' என்ற பொருளுடைய எச்சரிக்கையை லிப்ரே ஆபீஸ் நேர்மையாகவே காட்டுகிறது. லாரி வாசலில் நிற்க, கார்ட்டன் எண்ணிக்கையைப் பதிந்துகொண்டிருக்கிற மனிதர் அவ்வாக்கியத்தை முழுவதும் படித்து ஆலோசித்து முடிவு செய்வார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. அவர் 'ஆம்' என்பதைத்தான் அழுத்துவார்.

பூட்டின் இன்னொரு கோணமும் கவனிக்கத்தக்கது. எஸ்.எம்.பி.யில், ஒரு கோப்பை ஒருவர் மட்டுமே திறந்திருக்கும்பொழுது, வேகத்தின் பொருட்டு, 'நீ ஒருவனே. உன் கணினியிலேயே பிரதியை வைத்துக்கொண்டு சாவகாசமாக எழுது' என்று சர்வர் ஓர் உரிமை அளிக்கும். இரண்டாமவர் வந்ததும் அவ்வுரிமையைத் திரும்பப் பெறும். இரண்டாமவர் வேறு வாசலால் வருவாராயின், உரிமையைத் திரும்பப் பெற வேண்டிய சந்தர்ப்பமே சர்வருக்குத் தெரியாமற் போகலாம். முதலாமவர் காலாவதியான பிரதியில் எழுதிக்கொண்டேயிருப்பார். பலர் ஒரே நேரத்தில் எழுதுகிற கணக்கு மென்பொருள்களின் தரவை இத்தகைய கலப்புச் சேமிப்பகத்தில் வைப்பது, என் கருத்தில், துணிச்சல் என்ற பெயருக்குக்கூடத் தகுதியற்ற செயல். அத்தரவுக்குத் தனிக் கணினி ஒன்று வேண்டும்.

மின்வெட்டு நம் நாட்டில் இப்பிரச்சினைக்குச் சேர்த்த உபத்திரவமும் உண்டு. யு.பி.எஸ். இல்லாத மேஜையில் கணினி திடீரென அணைந்தால், பூட்டுச் சீட்டு அப்படியே ஃபோல்டரில் கிடந்துவிடும். திறந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். சீட்டு மட்டும் அவர் பெயரால் மறுநாளும் காவல் நிற்கிறது. அதனை நீக்கத் தெரியாதவர்கள் கோப்பைப் பிரதி எடுத்து 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'கடைசி சரியானது' என்று பெயரிட்டு வேலையைத் தொடர, எது மெய்யான பேக்கிங் லிஸ்ட் என்பது ஷிப்மெண்ட் நாளன்று விவாதப் பொருளாகிறது.

பூட்டைக் காட்டிலும் நுட்பமானதும், தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோரைத் தனிப்படப் பாதிப்பதும், ஆயினும் விற்பனையாளர் எவரும் எடுத்துச் சொல்லாததுமான சங்கதி கோப்பின் பெயரைப் பற்றியது. 'கொள்முதல்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுகிறோம் என்று கொள்வோம். இதிலுள்ள 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடு முறையில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறிக்கென்றே ஏற்பட்ட ஒற்றைக் குறியீட்டால் எழுதலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் சமானமே என்று யூனிகோடு விதியும் சொல்கிறது. ஆனால் கணினியின் நினைவில் முதலாவது 9 குறியீடுகள், இரண்டாவது 10. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்வதால், ஒன்று 27 பைட், மற்றொன்று 30 பைட். 1998 முதல் ஆப்பிள் கணினிகளில் வழங்கிய எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்தெழுதியே சேமிக்கும் விரதம் பூண்டது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். லினக்ஸுக்கோ பைட்டுகள் மாறினால் பெயரே வேறு. விளைவு யாது? டிசைன் பிரிவின் பழைய ஆப்பிள் கணினியிலிருந்து என்.எஃப்.எஸ். வழியாகவோ நேர்ப்பிரதியாகவோ வந்து சேர்ந்த 'கொள்முதல்' ஒன்றும், கணக்குப் பிரிவு உண்டாக்கிய 'கொள்முதல்' ஒன்றுமாக, நாஸில் ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். கண்ணால் வேறுபாடு காண வழியில்லை. தேடினால் ஒன்று கிடைக்கும்; மற்றொன்று கிடைக்காது.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் தனித்து நிற்கும் ஔகாரத்துக்குமே இவ்விரட்டைப் பிறவி உண்டு என்பதால், 'சம்பளம்' என்ற கோப்பு பிழைத்துக்கொள்ளும், 'போனஸ்' அகப்பட்டுக்கொள்ளும். கொங்கு நாட்டில் 'கோயமுத்தூர்', 'ஈரோடு', 'பொங்கலூர்', 'கொடுவாய்' என்று ஊர்ப்பெயரால் ஃபோல்டர் வைக்கிற எவரும் இதற்குத் தப்ப முடியாது. 2017-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏ.பி.எஃப்.எஸ். அந்த விரதத்தைக் கைவிட்டு, கொடுத்த பெயரைக் கொடுத்தபடி வைத்து, தேடும்பொழுது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கிறது. அதற்கு முன்னரே, எஸ்.எம்.பி. வழியாகப் பெயரை அனுப்பும்பொழுது ஆப்பிள் கணினி அதைச் சேர்த்தெழுதியே அனுப்பும் பழக்கமுடையது. என்.எஃப்.எஸ். வழியாக அனுப்பும்பொழுதோ, இணைப்பின்போது அதற்கென உள்ள விருப்பத்தைச் சொன்னாலொழிய அவ்வாறு செய்வதில்லை. மறுபடியும் வாசலின் பிரச்சினையே.

பெயரின் நீளத்திலும் தமிழன் நஷ்டமடைகிறான். விண்டோஸின் கோப்பமைப்பு ஒரு பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தரும். நாஸ் பெட்டிக்குள் வழங்கும் லினக்ஸ் கோப்பமைப்புகளோ 255 பைட் வரையே தரும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இரண்டும் ஒன்றே. மூன்று பைட் கொள்கிற தமிழுக்கு அது 85 குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஏறத்தாழ ஐம்பது எழுத்துகளோடு பெயர் நின்றுவிடும். ஃபோல்டரை ரகசியக் குறியீடாக்கிப் பாதுகாக்கும் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையைக் கையாள்வோருக்கு எல்லை 143 பைட். அதாவது தமிழில் 47 குறியீடு. பையர் பெயர், சீசன், ஸ்டைல் நம்பர், கலர், தேதி அனைத்தையும் ஒரே பெயரில் அடுக்கும் நம் மெர்ச்சண்டைசர்களின் பழக்கத்துக்கு இது போதாது. ஆங்கிலப் பெயர் வைப்போருக்கும் வேறு தொல்லைகள் இல்லாமலில்லை. பெரிய எழுத்தில் ஒரு முறையும் சிறிய எழுத்தில் ஒரு முறையும் எழுதிய பெயரை விண்டோஸ் ஒன்றென்றும் லினக்ஸ் இரண்டென்றும் கொள்ளும். ஸ்டைல் நம்பரைப் பிரிக்கும் சாய்கோட்டை ஆப்பிள் அனுமதிக்க, விண்டோஸ் மறுக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழ்ந்து போனால் 260 எழுத்துகள் என்ற விண்டோஸின் பழைய எல்லை குறுக்கே வந்து நிற்கும்.

பெயர் சரியாகி, பூட்டும் சரியாகி, கோப்பு திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கிற எழுத்து சரியாக வருமா என்பது அடுத்த கேள்வி. யூனிகோடு வேரூன்றுவதற்கு முன், தமிழ்க் கோப்பு என்பது அதனை எழுதிய எழுத்துருவின் அடிமையாயிருந்தது; வானவில்லில் எழுதியதை வானவில் இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். பலவகைக் கணினிகளுக்கிடையே தமிழ்க் கோப்பைக் கூட்டாகத் திருத்தும் பிரச்சினையை முதன்முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் என்று, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொண்டர்களைச் சொல்லலாம். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்திய அம்முயற்சியில், பல நாடுகளில் பலவகைக் கணினிகளை வைத்திருந்த அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் உதவினர். எழுத்துருச் சிக்கலை அவர்கள் முதலில் மைலை போன்ற எழுத்துருக்களாலும், பின்னர் திஸ்கி என்னும் குறியீட்டு முறையாலும், அதன்பின் யூனிகோடாலும் தீர்த்துக்கொண்டே வந்தனர். பூட்டுச் சிக்கலையோ அவர்கள் சந்திக்கவேயில்லை. ஒருவர் தட்டச்சு செய்து முடித்ததை மற்றொருவர் வாங்கித் திருத்துவது என்ற முறையால், ஒரு நேரத்தில் ஒரு கோப்பு ஒருவர் கையில் மட்டுமே இருந்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றபின் புதிய கோப்புகளில் எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது எனலாம். மிஞ்சியது அளவுச் சிக்கல். விண்டோஸின் லதா எழுத்துருவில் ஒரே பக்கத்தில் அடங்கிய தமிழ்ச் சுற்றறிக்கை, லதா இல்லாத லினக்ஸ் கணினியில் லோகித் எழுத்துருவில் திறக்கையில் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடும். அதைச் சரிசெய்வதாக எண்ணி ஒருவர் எழுத்தளவைக் குறைத்துச் சேமித்தால், மறுமுனையில் திறப்பவருக்கு அது எறும்பு ஊர்ந்ததுபோலத் தெரியும்.

தேதியும் ஏமாற்றக்கூடியது. எக்ஸெல் தேதியை ஒரு தொடர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. விண்டோஸில் அவ்வெண் 1900-இலிருந்து தொடங்கும். ஆப்பிளுக்கான எக்ஸெல் 2008 வரையிலான பதிப்புகளில் இயல்பாக 1904-இலிருந்து தொடங்கும். இரண்டுக்கும் வேறுபாடு 1,462 நாள். பழைய ஆப்பிள் கோப்பிலிருந்து விண்டோஸ் கோப்புக்கு வெட்டி ஒட்டிய டெலிவரி தேதி, 2024 மார்ச் 15 என்றிருக்க வேண்டியது 2020 மார்ச் 14 என்று தோன்றும்.

கோப்பு வடிவங்களைப் பற்றிய சண்டை இதைவிடப் பெரியது. 2006-இல் ஓ.டி.எஃப். என்னும் வடிவமும், 2008-இல் மைக்ரோசாஃப்டின் ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். வடிவமும் உலகத் தரங்களாயின. பின்னதற்கு எதிராக இந்தியா வாக்களித்தது என்பது நம்மில் பலர் அறியாதது. தரம் இரண்டாயிருக்கும்வரை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுது ஏதேனும் ஒரு கட்டமோ சூத்திரமோ உதிர்ந்தே தீரும். ஜெர்மனியின் மூனிச் மாநகராட்சி 2003-இல் தீர்மானித்து, சுமார் 15,000 கணினிகளை 2013-க்குள் லினக்ஸுக்கு மாற்றி, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதென முடிவெடுத்த வரலாற்றில் அரசியலும் உண்டு, வெளியுலகத்தோடு ஆவணம் பரிமாறிக்கொள்வதில் ஏற்பட்ட சலிப்பும் உண்டு.

பாதுகாப்பைப் பற்றிச் சிறிது சொன்னால் போதும். 2017 மே மாதத்தில் உலகையே ஆட்டிவைத்த வானாக்ரை என்னும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு அம்முதற்பதிப்பை இயல்பாக நிறுவாமல் விட்டது. 2024-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவையும் அடைத்து, கையொப்பமிட்ட இணைப்பையே வற்புறுத்துகிறது. 'நேற்று வரை வந்ததுங்க, அப்டேட் போட்டதும் சர்வர் வரமாட்டேங்குது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. பழைய வழியை மறுபடி திறந்துவிடச் சொல்லும் டெக்னீஷியனை நம்பலாகாது. ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுப்பதே முறை. அவ்வாறு கொடுத்தால், கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்ற நாள்தோறும் எழும் கேள்விக்கும் நாஸே பதில் சொல்லிவிடும் என்பது கூடுதல் லாபம்.

இனி மாற்று வழிகள். கோப்பையே பகிராமல் ஆவணத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பகிர்வது என்ற சிந்தனைக்கு, 1989-இல் எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவர், இரண்டு பேர் ஒரே சமயத்தில் செய்யும் திருத்தங்களை ஒன்றுக்கொன்று ஏற்ப மாற்றிச் சேர்க்கும் கணித முறை ஒன்றை வகுத்துக் கால்கோள் செய்தனர். 2005-இல் ரைட்லி என்ற பெயரில் பிறந்து மறு ஆண்டே கூகுளின் வசமான எழுதுகருவியும், அதே 2005-இல் சென்னையைச் சேர்ந்த இன்றைய ஸோஹோ நிறுவனம் வெளியிட்ட ஸோஹோ ரைட்டரும் இணையத்தில் எழுதுவதைப் பொதுமக்களுக்கு எட்டச் செய்தன. உலவியின் வழியே திருத்துவதால் கணினி விண்டோஸா, ஆப்பிளா, லினக்ஸா என்ற கேள்வியே எழுவதில்லை, பூட்டும் இல்லை, எழுத்துருவும் பெரும்பாலும் சர்வரிலிருந்தே வருகிறது. மைக்ரோசாஃப்டும் எக்ஸெல்லில் பலர் கூடியெழுதும் வசதியைத் தந்திருக்கிறது. ஆனால் கோப்பு அந்நிறுவனத்தின் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருந்தாலொழிய அது வேலை செய்யாது என்பதையும், அலமாரிமேலுள்ள நாஸுக்கு அது பொருந்தாது என்பதையும் வாங்குவோர் அறிவதில்லை. பையரின் விலையும் கமிஷனும் அடங்கிய தாளை அந்நியர் சர்வரில் வைக்கத் தயங்குகிற முதலாளிகளின் மனோபாவத்தையும் நான் குறை கூற மாட்டேன். அவர்களுக்கென்றே, நெக்ஸ்ட்கிளவுடும் கொலாபராவும் போன்ற திறந்த மூல மென்பொருள்களைத் தம் சொந்தப் பெட்டியிலேயே நிறுவி, இணையம் அறுந்தாலும் அலுவலகத்துக்குள் கூடியெழுதும் வசதியைப் பெறும் வழி 2016-க்குப் பின் திறந்திருக்கிறது. நிறுவுவதற்குச் சற்று அறிவும் பெட்டியில் சற்று அதிக நினைவகமும் தேவை. ஒரே ஓர் அபாயம்: உலவியில் திறந்திருக்கும் அதே கோப்பை வேறொருவர் எக்ஸெல்லால் ஷேரிங் ஃபோல்டர் வழியாகவும் திறக்கக்கூடுமானால், அடைத்ததாக எண்ணிய இரண்டாம் வாசல் மறுபடி திறந்ததாகும்.

டிராப்பாக்ஸ், சின்க்திங் முதலிய ஒத்திசைவு முறைகளோ பூட்டவே முயல்வதில்லை. மோதல் நேர்ந்தால் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு 'முரண்பட்ட பிரதி' என்று அடையாளமிட்டு, தீர்ப்பை மனிதனிடம் விட்டுவிடுகின்றன. அழகில்லையாயினும் நேர்மையான முறை, எதுவும் அழிவதில்லை. ஆயினும் நிரல் எழுதுவோர் 'கிட்' கொண்டு செய்வதுபோல இரண்டு பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்டு இணைக்கும் சாமர்த்தியம் எக்ஸெல் கோப்புக்கு எளிதில் கிட்டாதாகையால், இரண்டு பேக்கிங் லிஸ்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணால் சரிபார்க்கும் வேலை யாரோ ஒரு மெர்ச்சண்டைசரின் தலையில்தான் விழும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி நோக்குமிடத்து, இவ்வட்டாரத்துக் கம்பெனிகளுக்கு நான் தகுதியெனக் கருதுவது பின்வருமாறு. நாஸில் எஸ்.எம்.பி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, என்.எஃப்.எஸ்., ஏ.எஃப்.பி. இரண்டையும் அணைத்துவிட வேண்டும். லினக்ஸ் கணினிகளும் ஆப்பிள் கணினிகளும் எஸ்.எம்.பி. வழியாகவே நன்றாக வரும், வேகத்தில் ஏற்படும் நஷ்டம் எக்ஸெல் கோப்புக்கு ஒரு பொருட்டன்று. பலர் நாள் முழுவதும் தொடுகிற ஆர்டர் நிலவரம், பேக்கிங் லிஸ்ட் போன்றவற்றைக் கோப்பாகவே வைத்திராமல் உலவி வழித் திருத்தத்துக்கு மாற்றிவிட வேண்டும். மற்றக் கோப்புகளுக்கு ஆள் ஒருவரே எழுதுவார், பிறர் வாசிப்பார் என்று நாஸின் அனுமதியிலேயே வரையறுத்துவிடலாம். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்குமாறு பெட்டியை அமைத்தால், யாரோ 'ஆம்' என்று அழுத்தி அழித்த காலைப் பதிவை மாலையில் மீட்கலாம். தமிழில் பெயரிடுவதைக் கைவிட வேண்டும் என்று சிலர் யோசனை சொல்வது எனக்கு உடன்பாடன்று; நாற்பது குறியீடுகளுக்குள் பெயரை அடக்கி, எல்லாக் கணினிகளையும் ஒரே வாசலால் வரச் செய்தால் தமிழ்ப் பெயருக்கு யாதொரு குறையும் வராது.

புதிதாக நாஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கொடுப்பதற்கு முன், விண்டோஸ் கணினியிலிருந்து ஒன்றும் ஆப்பிள் கணினியிலிருந்து ஒன்றுமாகக் 'கொள்முதல்' என்று ஒரே ஃபோல்டரில் பெயரிடச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு 'இப்பெயரில் கோப்பு உள்ளது' என்று பெட்டி மறுப்புச் சொன்னால் வாங்கலாம். மறுக்காமல் இரண்டையும் ஏற்றுக்கொண்டால், அமைப்பைத் திருத்திக் காட்டும்வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.